கத்தி பிடிக்காத இரத்தக்குழாய் மருத்துவர்: ரீயூனியனில் இந்த வேலைக்கு வரும் வழி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் அறுவை சிகிச்சை செய்பவள் இல்லை. காரைக்காலில் இருக்கும் என் பெரியம்மா இன்றும் "ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற டாக்டர்" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார். என் துறை இரத்தக்குழாய் மருத்துவம். தமனி, சிரை, நிணநீர்க் குழாய் மூன்றிலும் வரும் நோயைக் கண்டுபிடிப்பது, மருந்தாலும் இறுக்கக் காலுறையாலும் நடைப்பயிற்சியாலும் அதைப் பார்த்துக்கொள்வது, வெட்டவேண்டிய நேரம் வந்தால் தாமதிக்காமல் சர்ஜனிடம் அனுப்புவது: இவ்வளவுதான் வேலை. புடைத்த சிரைக்குள் நுரை மருந்து ஏற்றுவதும், வெப்பத்தால் அதை உள்ளேயே மூடுவதும் எங்கள் பங்குதான். பிரான்சில் 2017 சீர்திருத்தத்துக்குப் பிறகு இது தனிச் சிறப்புப் பிரிவு. அதற்கு முன் வேறு துறையில் தகுதி பெற்றவர்கள் கூடுதலாகப் படித்துவிட்டு இதற்குள் நுழைவார்கள். இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம் என்பதால் அங்கே உள்ள சட்டமும் படிப்பும்தான் இங்கேயும்.

இத்துறையில் தனியாகக் கிளினிக் வைத்து நன்றாக வாழலாம். பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது அதை அல்ல: ஆஸ்பத்திரியில் நோயாளி பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுக்கும் வேலைக்கு வருவது எப்படி என்பது. பிரெஞ்சு முறையில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர் சே.ஆஷ்.யூ., அதாவது பல்கலைக்கழக மருத்துவமனை. 1958 டிசம்பரில் வந்த ஆணை ஒன்று, ஒரே மருத்துவர் சிகிச்சை, போதனை, ஆய்வு மூன்றையும் செய்யவேண்டும் என்று வைத்தது. சம்பளம்கூட இரண்டு இடத்திலிருந்து வரும், பாதி ஆஸ்பத்திரி, பாதி பல்கலைக்கழகம். ரீயூனியனின் ஆஸ்பத்திரிகளுக்கு இந்தத் தகுதி 2012இல்தான் கிடைத்தது. வடக்கே சேன்-தெனியில் பெல்பியேர் மேட்டில் ஒரு வளாகம், தெற்கே சேன்-பியேரில் ஒன்று.

மூன்று வேலையையும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு ஓடுபவர்கள் நாலைந்து வருடத்தில் களைத்துப்போகிறார்கள். காலையில் பார்த்த நோயாளியின் காலையே மதியம் பாடமாக எடுத்து, அதே காலைப் பற்றிய கேள்வியை இரவில் ஆய்வாக எழுதுபவர்கள்தான் நிலைக்கிறார்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

பள்ளியிலிருந்து ஆறாம் வருடம் வரை

இதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். இணையத்தில் எல்லாம் கிடைக்கும். பாக்கலோரேயா என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்ததும் 2020க்குப் பிறகு இரண்டு வாசல் திறந்தன: பாஸ், லாஸ். முதலாவது முழுக்க மருத்துவம் சார்ந்தது. இரண்டாவதில் சட்டமோ உயிரியலோ ஏதாவது ஒரு பட்டப்படிப்போடு மருத்துவம் சிறு பங்காக இருக்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு எழுத்தில் தயக்கம் இருந்தால் லாஸ் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும் என்பது என் எண்ணம். என் சகாக்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரீயூனியன் பிள்ளைகள் இங்கே தொடங்கிவிட்டுப் பிறகு பிரான்சின் போர்தோ நகரத்துக்குப் போய்ப் படித்து முடிப்பதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்த உறவு இன்றும் பலமாக இருக்கிறது. போர்தோ பேராசிரியர்களின் பெயர்கள் உங்கள் காதில் அடிக்கடி விழும்.

ஆறாம் வருடத் தொடக்கத்தில், அக்டோபரில், எ.தே.என். என்ற எழுத்துத் தேர்வு. சில மாதம் கழித்து எகோஸ் என்ற செய்முறைத் தேர்வு. நடிகரை நோயாளியாக உட்கார வைத்து உங்களைப் பேசவிடுவார்கள். மதிப்பெண்ணில் முதலாவதற்கு 60 சதவீதம், இரண்டாவதற்கு 30, மீதி 10 நீங்கள் சேர்த்துவைத்த மற்ற அனுபவங்களுக்கு. இரத்தக்குழாய் மருத்துவத்தில் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். நல்ல தரவரிசை வேண்டும். மாணவராக வார்டுகளில் சுற்றும் வருடங்களில் இதய நோய், உள்மருத்துவம், சர்க்கரை நோய் மூன்று பிரிவிலும் ஒரு சுற்று வந்துவிடுங்கள். சர்க்கரை நோய் வார்டை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. அங்கேதான் எங்கள் துறையின் பாதி இருக்கிறது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் "அங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்களே, தமிழில் பேசலாம்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இவர்கள். கோயிலில் பாட்டு தமிழில்தான், பெயரும் தமிழ்ப் பெயர்தான், ஆனால் வலியைச் சொல்வது தீவின் பேச்சுமொழியான கிரெயோலில். கால் மரத்துப்போவதையும் கெண்டைக்கால் இழுப்பதையும் கிரெயோலில் எப்படிச் சொல்வார்கள் என்று வந்த முதல் மாதமே நர்சுகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பாரிஸ் பிரெஞ்சில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஆமாம் டாக்டர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கை பழகும் நாலு வருடம்

சிறப்புப் படிப்பு நாலு வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மே மாதமும் நவம்பரும், வார்டு மாறும். கடைசி வருடம் இளநிலை மருத்துவர் என்ற பெயரில் பாதிப் பொறுப்போடு வேலை. வேறு நகரத்து ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் போய் வேலை செய்யவும் விதி இடம் கொடுக்கிறது. தீவில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பிறகு உங்கள் ஆய்வுக்கட்டுரையில் கூட்டாளியாகவோ, தேர்வுக்குழுவில் எதிரே உட்காருபவராகவோ வருவார்கள்.

பல நாடுகளில் இரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் எக்கோ-டாப்ளர் எடுப்பது தொழில்நுட்பர், அறிக்கையைப் படிப்பது மருத்துவர். பிரெஞ்சு இரத்தக்குழாய் மருத்துவர் தானே எடுப்பார். பேசிக்கொண்டே கருவியை வைத்து, பார்த்துக்கொண்டே முடிவு சொல்வார். ஆகவே கைதான் முதலீடு. ஆனால் பெரிய திரையுள்ள இயந்திரத்தில் உட்காருவதற்கு முன், பேனா அளவு டாப்ளரும் ஒரு பி.பி. பட்டையும் வைத்து கணுக்கால் அழுத்தம் பார்க்கப் பழகுங்கள். என்னிடம் வரும் இன்டர்ன்களுக்கு, அதாவது சிறப்புப் படிப்பு மாணவர்களுக்கு, நான் முதலில் கொடுப்பது இதைத்தான், முகம் சுளித்தாலும் சரி.

முறை இது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து ஐந்து பத்து நிமிடம் சும்மா விடவேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து மேடேறி வந்தவரை உடனே அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு கையிலும் மேல் அழுத்தம் எடுத்து, எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கையிலும் டாப்ளராலேயே எடுங்கள். அப்புறம் பட்டையைக் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றி, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு தமனி, பாதத்தின் மேல்புறம் ஒரு தமனி, இரண்டையும் தேட வேண்டும். களிம்பைத் தாராளமாக வையுங்கள். கருவியைச் சாய்த்துப் பிடியுங்கள், செங்குத்தாக நிறுத்தினால் சத்தம் வராது, அழுத்தினால் குழாயே மூடிக்கொள்ளும். சத்தம் கேட்டதும் பட்டையை ஊதி, சத்தம் நின்றபின் மெதுவாகக் காற்றை விட்டு, திரும்பக் கேட்கும் இடத்தைக் குறியுங்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு நோய் இருக்கிறது.

இங்கேதான் தீவு உங்களைச் சோதிக்கும். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தவரின் கணுக்கால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் மூடாது. விகிதம் 1.40க்கு மேல் வரும், அல்லது அதைவிட மோசமாக 1.05 என்று அழகாக வந்து ஏமாற்றும். பாதத்தில் ஆறாத புண் இருக்கிறது, எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள். கட்டைவிரலுக்குச் சின்னப் பட்டை போட்டு அழுத்தம் பாருங்கள், விரல் தமனிகளில் அந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. அங்கே 30க்குக் கீழே வந்தால் அன்றைக்கே தொலைபேசியை எடுக்கவேண்டும், அடுத்த வார அப்பாயின்ட்மென்ட் என்பதெல்லாம் கிடையாது.

கையோடு காலுறை விஷயத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பிரான்சில் இறுக்கக் காலுறை நாலு வகுப்பு. இரண்டாம் வகுப்பு 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம், மூன்றாவது 20 முதல் 36. பாரிஸில் படித்துவிட்டு வந்தவர் மூன்றாம் வகுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். ஜனவரி மாதம் சேன்-தெனியில் புழுக்கத்தில் அதை யார் மாட்டிக்கொள்வார்கள்? டிராயரில் தூங்கும் மூன்றாம் வகுப்பைவிடக் காலில் ஏறிய இரண்டாம் வகுப்பு மேல். எழுதிக்கொடுக்கும் முன் அதை ஒரு நாள் முழுக்க நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வியை எங்கே தேடுவது

ஆய்வு என்றதும் இளைஞர்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளைப் புரட்டி, அங்கே பேசப்படும் ஏதாவது மரபணுவைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பேர் குழுவாக இறங்கிச் செய்யும் காரியத்தில் தீவிலிருந்து ஒருவர் போட்டி போட முடியாது. நம் பரிசோதனைக் கட்டிலில் வந்து படுப்பவர் அங்கே வரமாட்டார் என்பதுதான் நம் பலம்.

கிட்டத்தட்ட ஒவ்வொரு வருட முடிவிலும் எனக்கு வரும் ஒரு வகை நோயாளியைச் சொல்கிறேன். பெரிய தீமிதிகள் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும். பல நாள் விரதம், மாமிசம் இல்லை, வெறுங்கால். வருபவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. பத்து கிராம் இழையால் உள்ளங்காலைத் தொட்டால் தெரியவில்லை என்கிறார். பூக்குழி இறங்கலாமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. வேண்டுதல் அவருக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ள விஷயம். விரதத்தில் மாத்திரை எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறார். "போகக்கூடாது" என்று சொல்லும் மருத்துவரிடம் அவர் மறுபடி வரமாட்டார். நான் விரதத்துக்கு முன்னால் ஒரு முறை கணுக்கால், விரல் அழுத்தம் பார்த்து, மாத்திரை நேரத்தை மாற்றி, இறங்கிய மறுநாள் பாதத்தைக் காட்டச் சொல்கிறேன். உணர்ச்சி இல்லாத கால் சுட்டதைச் சொல்லாது. கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

இதற்குள் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். விரதத்துக்கு முன் பாதப் பரிசோதனை வைத்தால் புண்கள் குறையுமா? கோயில் நிர்வாகிகள் மூலம் சொன்னால் வருகிறார்களா, குடும்ப மருத்துவர் மூலமா? இன்னொன்று: மஃபாத் பள்ளத்தாக்குக்கு சாலையே கிடையாது, நடந்து போகவேண்டும் அல்லது ஹெலிகாப்டர். அங்கே வாழும் ஒருவருக்குக் கெண்டைக்கால் வலி எத்தனை மீட்டரில் வருகிறது என்று கேட்டால் சமதளத்துக் கேள்வித்தாள் பொருந்துமா? ஒரு இன்டர்னின் ஆய்வேட்டுக்கு இதில் ஒன்று போதும்.

அடிப்படை ஆய்வுதான் பிடிக்கும் என்றால் சேன்த்-க்ளோதில் பகுதியில் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மும் ரீயூனியன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் தேத்ருவா ஆய்வகம் இருக்கிறது. சர்க்கரை நோயும் தமனி அடைப்பும்தான் அதன் பொருள். சேன்-பியேரில் இன்செர்மின் மருத்துவ ஆய்வு மையம், 1410 என்ற எண்ணோடு. இரண்டு இடத்துக்கும் இன்டர்னாக இருக்கும்போதே போய் முகத்தைக் காட்டிவிடுங்கள்.

காகித வேலை

ஏற்கெனவே உள்ள நோயாளிக் கோப்புகளைப் புரட்டி எழுதும் ஆய்வுக்கு எம்.ஆர்.004 என்ற தரவு விதிமுறை. நோயாளிக்குத் தகவல் சொல்லி, பதிவு செய்து, பெயரை நீக்கி வேலை செய்யவேண்டும். நோயாளியின் உடம்பில் கூடுதலாக ஒரு அளவு எடுத்தாலே, ஒரு கேள்வித்தாள் கொடுத்தாலே, 2012இன் ஜார்தே சட்டம் வந்துவிடும். அது எந்த வகை என்று பார்த்து நெறிக்குழுவின் அனுமதி வாங்கவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஆறு மாத வார்டுக் காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வார்டுக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

புள்ளியியலாளரை எண்களைச் சேகரிப்பதற்கு முன்னால் பாருங்கள். பின்னால் போனால் அவர் செய்யக்கூடியது அனுதாபப்படுவது மட்டும்தான்.

எம்.டி. ஆய்வேட்டை அலமாரிக்கு எழுதாதீர்கள். தொடக்கத்திலேயே கட்டுரை வடிவத்தில் யோசித்து எழுதினால் வேலை பாதியாகும். பிரெஞ்சு ஆஸ்பத்திரிகள் சிகாப்ஸ் என்ற புள்ளிக்கணக்கை வைத்திருக்கின்றன. எந்தத் தரத்துப் பத்திரிகை, ஆசிரியர் பட்டியலில் எந்த இடம் என்று பார்த்துப் புள்ளி போடும். முதல் இடமும் கடைசி இடமும் எடை அதிகம். ஆகவே வேலை தொடங்கும் அன்றே யார் முதல் பெயர் என்று பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துவிடுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கட்டுரை அச்சான பிறகுதான் தன் பெயர் நான்காவது என்று ஒரு பெண் தெரிந்துகொண்டாள். தரவு முழுக்க அவள் சேகரித்தது. நம் வீடுகளில் பெரியவர்களிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்க்கிறார்கள். இங்கே கேட்காமல் இருந்தால் உங்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதவிப் படிகள்

நாலு வருடம் முடிந்ததும் ஷெஃப் தெ கிளினிக் பதவி, இரண்டு வருடம், நீட்டிக்கலாம். இதுதான் மூன்று வேலையையும் ஒரே தோளில் முதல்முறையாகச் சுமக்கும் காலம். இதற்கு முன்பே முதுகலை இரண்டாம் வருடம் முடித்திருந்தால் இப்போது முனைவர் பட்டத்தில் இறங்கலாம். முடிக்காமல் வருபவர்கள் வார்டு, வகுப்பு, இரவுப்பணி என்று ஓடி, படிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். அடுத்த படி எம்.சே.யூ. எனப்படும் துணைப் பேராசிரியர். அதற்கும் மேலே பே.யூ.பே.ஆஷ்., அதாவது பேராசிரியர். அதற்கு ஆய்வு வழிகாட்டும் தகுதிப் பட்டமும், வேறொரு நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். பல்கலைக்கழகப் பதவிகளுக்குத் தகுதி பார்க்கும் தேசியக் குழுவில் நமக்கென்று தனிப் பிரிவு இல்லை. 51-04 என்ற உட்பிரிவில் இரத்தக்குழாய் சர்ஜன்களோடு ஒரே கூரை. எனவே உங்கள் ஆய்வை ஒரு சர்ஜனுக்கும் புரியும்படி, அவர் கொட்டாவி விடாதபடி சொல்லப் பழகுங்கள். அப்படி யாராவது "கத்தி இல்லாமல் நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று சீண்டினால், 1964 ஜனவரியில் சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் 82 வயதுப் பாட்டியின் தொடைத் தமனியை உள்ளிருந்தே குழாய் விட்டு விரித்ததை நினைவூட்டலாம். அந்த அம்மா காலை வெட்ட ஒப்புக்கொள்ளவில்லை. கால் பிழைத்தது.

தகுதி மட்டும் போதாது, பதவி இருக்கவேண்டும். ஒரு பேராசிரியர் நாற்காலி எந்தத் துறைக்கு, எந்த வருடம் என்பதைப் பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் பல வருடம் முன்பே பேசி வைத்திருப்பார்கள். தீவில் நாற்காலிகள் எண்ணக்கூடியவை. ஆகவே ஷெஃப் தெ கிளினிக் ஆகும் முன்பே துறைத்தலைவரிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த ஐந்து வருடத்தில் இங்கே இந்தத் துறைக்கு இடம் திட்டத்தில் உள்ளதா, யாரை மனதில் வைத்திருக்கிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அதுவே பதில். போர்தோவிலோ மோன்பெலியேயிலோ வேறு எங்கோ இடம் தேடலாம், அவமானம் இல்லை.

பாடம் எடுப்பது பற்றி அதிகம் சொல்லமாட்டேன், இதில் அவரவர் கைவாகு. வகுப்பறைப் படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாணவர்களை ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து, ஒருவர் பின் ஒருவராக நாடியைத் தொட்டு, உணர்ந்ததைத் தனித்தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்று தாளிலும் மூன்று பதில் இருக்கும். பாடம் அங்கிருந்து தானாக நடக்கும். நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்கவேண்டும். இங்குள்ள பாட்டிமார்கள் மாணவர்கள் என்றால் மகிழ்ச்சியாகக் காலை நீட்டுவார்கள், நடுவில் சாப்பிட்டாயா என்றும் கேட்பார்கள்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு

ஜிப்மரிலோ வேறு எங்கோ முடித்துவிட்டு எழுதுபவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய பட்டத்துக்கு எ.வே.சே. என்ற அறிவுச் சரிபார்ப்புத் தேர்வு, துறைவாரியாக, இடங்கள் கணக்காக. அதில் தேறியபின் மேற்பார்வையில் வேலை, பிறகு ஒரு குழு கோப்பைப் பார்த்து முழு உரிமம் தரும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்தந்த வருட அறிவிப்பைத்தான் நம்பவேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு இரத்தக்குழாய் மருத்துவத்துக்கு நேராக விண்ணப்பிப்பதில் பயனில்லை. அங்கே எம்.டி. பொது மருத்துவம் முடித்து, கொஞ்சம் டாப்ளரும் பழகி, பிரெஞ்சில் நோயாளிக் குறிப்பு எழுதும் அளவுக்கு வந்தபின் யோசியுங்கள்.

கடைசியாக, வந்து பார்க்க விரும்புபவர்களுக்கு. எங்கள் மாதிரிப் பிரிவுகளில் அரை நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டு மருத்துவ மாணவர்கள் எழுதலாம். கடிதம் பிரெஞ்சில் ஐந்து வரி போதும்: பெயர், எந்த வருடம், எந்தக் கிழமை வரமுடியும், எதைப் பார்க்க ஆசை. "சின்ன வயதிலிருந்தே மருத்துவம் என் கனவு" என்ற வரியை எடுத்துவிடுங்கள், சான்றிதழ் எதையும் இணைக்கவேண்டாம். மே, நவம்பர் முதல் வாரங்களில் எழுதாதீர்கள். அப்போது புது இன்டர்ன்கள் வந்திறங்கியிருப்பார்கள், யாருக்கும் மின்னஞ்சல் பார்க்க நேரம் இருக்காது. பிப்ரவரியிலோ செப்டம்பரிலோ எழுதுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், காலை எட்டரைக்கு முன்னால்.